லொரெட்டா விற்க மறுத்த துப்பாக்கி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லொரெட்டா ஹேகனின் துப்பாக்கிக் கடையில் வியாபாரத்தைவிட வாக்குவாதம்தான் அதிகம். துப்பாக்கி வாங்குகிறவர்கள் பணம் கட்டிய பிறகும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியதும், ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்தவள் அவள்தான். "வளர்ந்த மனுஷனைக் காத்திருன்னு சொல்ல அரசாங்கம் யாரு?" என்று அவள் போட்ட சத்தத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகாதது அதிசயம்.

அடுத்த வாரமே வெர்ன் டோர்செத் கடைக்கு வந்தான். மாட்டுப் பண்ணைக்காரன்; அவளோடு பள்ளியில் படித்தவன். மனைவியைப் புதைத்து அதிக நாளாகவில்லை. ஒரு துப்பாக்கி வாங்க அரை நாள் எடுத்துக்கொள்கிற ஆள் அவன். குழாய்க்குள் கண்ணை விட்டுப் பார்ப்பான், எடை சரியில்லை என்பான், கடைசியில் வாங்காமலே போய்விடுவான். அன்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "அந்தக் கைத்துப்பாக்கி. ஒரு பெட்டி தோட்டா," என்றான். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

லொரெட்டா பெட்டியைத் திறக்கவில்லை. "வீட்ல இருந்த ரைஃபிளெல்லாம் எங்க?"

"பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா."

"ஏன்?"

வெர்ன் பணத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான்.

"அப்போ நானும் தரமாட்டேன்."

"வளர்ந்த மனுஷனைக் காத்திருன்னு சொல்ல அரசாங்கம் யாருன்னு கத்தினது யாரு? நீதானே?"

"நான்தான். நாளைக்கும் கத்துவேன். உனக்குக் கிடையாது, போடா."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அடுத்த ஊரில் டட்லியின் துப்பாக்கிக் கடை இருப்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. தன் வாடிக்கையாளர்களை இழுக்கிறான் என்று டட்லியோடு பேசுவதையே விட்டிருந்தாள். கௌரவம் பார்க்க அது நேரமில்லை. போன் போட்டாள்.

"உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா லொரெட்டா?" என்று டட்லி சிரித்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "இங்கயும் கிடைக்காது. மத்த கடைக்காரங்களுக்கும் சொல்லிடறேன். நீ அவன் பொண்ணைக் கூப்பிடு."

குளிர்காலம் முழுக்க வெர்ன் மகள் வீட்டில் இருந்தான். வழியில் லொரெட்டாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொள்ள முகமாவது மிச்சமிருக்கிறதே என்று அவள் ஆறுதலடைந்தாள்.

பனி உருகியதும் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச மறுபடி ஊர்க்கூட்டம் கூடியது. வெர்ன் மகளோடு வந்திருந்தான், ஆளும் தேறியிருந்தான். எழுந்து, சட்டமெல்லாம் வேண்டாம் என்றான். "எங்க ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம். என்னை லொரெட்டா பாத்துக்கலையா?"

கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எழுந்தவளுக்கு வழக்கமான சத்தம் வரவில்லை.

"நீ கடைக்கு வந்த அன்னைக்கு நான் பல் டாக்டர்கிட்ட போயிருக்கணும் வெர்ன். ரோட்ல பனி, அதனால போகல. போயிருந்தா என் தம்பிதான் கடையில நின்னிருப்பான். யாரு எதுக்கு வாங்கறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டான் அவன். வித்திருப்பான்டா."

வெர்ன் மெல்ல உட்கார்ந்தான். மகள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.