இன்னைக்கி என்ன கொழம்பு?

என் கோபம் எங்கள் கம்பெனியில் பிரசித்தம். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன கேழ்வரகு பிஸ்கட் கம்பெனி அது. இருபத்திரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களை மேய்க்கும் சூப்பர்வைசர் நான். மேய்ப்பதாக நான்தான் சொல்லிக்கொள்கிறேன், அவர்கள் யாரும் சொன்னதில்லை.

காலை ஒன்பது மணிக்கு வேலை. தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் மாட்டுகிற பத்து நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி விடாமல் எல்லாரையும் கேட்பார்கள்: "இன்னைக்கி என்ன கொழம்பு?" அவரைக்கொட்டை, கொள்ளு, கருவாடு என்று பதில் சுற்றி வரும். இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு குழம்பு. வீட்டில் வயிறு நிறைய சாப்பிட்டு வந்த எனக்கே பசிக்கும். பசித்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்த நிலையில்தான் எங்கள் முதலாளி பெங்களூருக்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் போனார். வரும்போது ஒரு பலகையோடு வந்தார். மேலே 'நமது விழுமியங்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே நேர்மை, தூய்மை, கவனம், நேரம், பரிவு.

"வேலை செய்யறவங்க மனசு நிலையா நிக்கணும்னா, தெனமும் ஒரே நேரத்துல எல்லாரும் சேர்ந்து இதைச் சொல்லணுமாம். பத்து நிமிஷம் போதும். எங்கிருந்து எடுக்கலாம்?" என்றார்.

எங்கிருந்து எடுப்பது என்று எனக்குத் தெரியும். குழம்பு நேரத்தை அன்றே ஒழித்தேன். "வேலை நேரத்தில் வீட்டுப் பேச்சு கூடாது" என்று ஒரு தாளிலும் எழுதி ஒட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஒட்டியதில்லை.

'நமது விழுமியங்களை உயிர்போலக் காப்போம்' என்பது உறுதிமொழி. பேக்கிங்கில் மூத்தவரான அக்காதான் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அந்த அக்கா வாயில் விழுமியம் நுழையவே இல்லை. முதல் நாள் 'விழுங்கியம்' என்றார். மூன்றாம் நாள் மொத்தக் கூட்டமும் 'விழுங்கி உயிரைக் காப்போம்' என்று முழங்கியது. பிஸ்கட் கம்பெனியில் இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. வி, ழு, மி என்று எழுத்து எழுத்தாகச் சொல்ல வைத்தேன்.

"அப்படின்னா என்னங்க சார்?" என்றார் அக்கா.

எனக்கும் சரியாகத் தெரியாது. "சொல்றதைச் சொல்லுங்க, கேள்வி எல்லாம் வேண்டாம்" என்றேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி. ஆறு வருடத்தில் ஒரு தட்டைக்கூடக் கருகவிட்டதில்லை. அடுப்பை விட்டு நகர முடியாது என்பதால் மதியச் சாப்பாடும் அங்கேயே, தனியாக. அவள் திடீரென்று மூன்று தட்டுகளைக் கருக்கினாள். கேழ்வரகு பிஸ்கட் பிறவியிலேயே கறுப்பு. அது கருகியது வெளியே தெரிகிறதென்றால் எவ்வளவு கருகியிருக்க வேண்டும்!

"இன்னும் ஒரு தட்டு கருகுனா அந்தம்மாவை நிறுத்திடுங்க" என்றார் முதலாளி. நான் அவளுக்கு மெமோ கொடுத்தேன். 'மூன்றாவது விழுமியத்தை மீறியதற்கு விளக்கம் தேவை.' அவள் வாசித்தாள், கையெழுத்துப் போட்டாள், ஒன்றும் பேசவில்லை. பேசாததற்கும் கோபப்பட்டேன்.

பலகை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒருநாள் பயிற்சியாளரே வந்தார். பெங்களூரில் இருந்தாலும் நல்ல தமிழ் பேசுகிறவர். அவர் தாமதமாக வந்ததால் முதல் தட்டு ஏற்கெனவே அடுப்புக்குள் போயிருந்தது. அப்படியே எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். விழுங்கி உயிரைக் காப்பாற்றி முடித்ததும் அவர் அடுப்புக்காரியைக் காட்டி, "மூணாவது விழுமியம் என்னம்மா?" என்று கேட்டார்.

கேட்க வேறு ஆளா இல்லை? அவள் வாயைத் திறக்கவில்லை. உள்ளே இருந்து கருகல் வாசனை வந்தது. நான்காவது தட்டு. முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவளை முறைத்தேன். அவள் வேலை போய்விட்டது என்று அங்கே எல்லாருக்கும் புரிந்தது.

அப்போது பேக்கிங் அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தார். "ஏம்புள்ள, இன்னைக்கி வூட்ல என்ன கொழம்பு?"

"கொழம்பு வெச்சுப் பதினெட்டு நாளாச்சுக்கா" என்றாள். அப்புறம் உடைந்து அழுதாள்.

புருஷன் புளியமரத்தில் பழம் உலுக்க ஏறி விழுந்து, கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ராத்திரி அங்கே, பகலில் இங்கே. தூங்குவது பஸ்ஸில் மட்டும்தான்.

"ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். பதறினாலும் எனக்குக் கத்தத்தான் வரும்.

"யாரும் கேக்கலீங்களே, சார்."

பலகை மாட்டி அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பரிவு என்று எழுதிய இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், பலகை பெரிது.

நான் வெட்கப்பட்டு முடிப்பதற்குள் அவர்கள் ஏற்பாட்டையே முடித்துவிட்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். இரண்டு பேர் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுபோக ஒப்புக்கொண்டார்கள். ராத்திரிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க அக்கா தன் தம்பியைப் பிடித்தார். நிறுத்துகிற பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை. "இந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தது?" என்று பயிற்சியாளர் நோட்டைத் திறந்தார். "நாங்கதான்" என்றார் முதலாளி, கூச்சமே இல்லாமல்.

மறுநாள் அக்கா எனக்கு வகுப்பு எடுத்தார். "நாங்க கொழம்பையா சார் கேக்கறோம்? ரசம்னா வூட்ல காய்ச்சல். கறின்னா ஊர்லேர்ந்து ஒறம்பரை வந்திருக்காங்க. 'நேத்து வெச்சதுதான்'னா புருஷன் பொண்டாட்டி சண்டை. பதிலே வரலைன்னா விடவே கூடாது."

நான் ஒட்டிய தாளை நானே கிழித்தேன். பலகை இன்னும் இருக்கிறது. குழம்பு முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் விழுங்குகிறோம்.

போன மாதம் அடுப்புக்காரி "மொச்சைக்கொட்டைங்க" என்றபோது எல்லாரும் கை தட்டினார்கள். புருஷன் கோல் ஊன்றி நடக்கிறானாம். கையுறையை மாட்டிக்கொண்டே அவள் என் பக்கம் திரும்பினாள். "சார் வூட்ல என்ன கொழம்புங்க?"

இத்தனை வருடத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. என் மனைவி கோபித்துக்கொண்டு அரூரில் அம்மா வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. சூப்பர்வைசருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"நேத்து வெச்சதுதான்."

இருபத்திரண்டு தொப்பிகளும் ஒன்றாகத் திரும்பின. நான் மெமோ கொடுத்தவள் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டு மொதல்ல போனைப் போடுங்க, சார்" என்றாள். "கத்தாம பேசுங்க."