கொட்டச்சேட்டு மூங்கிலில் வரிக்கொசு

இதைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். பள்ளிக்கு மட்டம் போட்டுக் கொட்டச்சேடு போனது தெரிந்தால் அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை. போர்வைக்குள் அக்காவின் போனில் எழுதுகிறேன்.

என் தோழி மலர் டெங்குக் காய்ச்சலில் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வாரம்தான் கொட்டச்சேடு திரும்பினாள். அவளைப் பார்க்க இன்று காலை ஒன்பதேகாலுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஜீப் ஏறினேன். முப்பது ரூபாய்.

"ஏங்கண்ணு, நீ மூங்கில் வெட்டற ராசண்ணன் மவதான? பள்ளிக்கொடத்தக் கொட்டச்சேட்டுக்கு மாத்திப்போட்டாங்களா?" என்றார் டிரைவர். ஜீப்பே சிரித்தது. நான் புத்தகப் பையைக் காலுக்கடியில் தள்ளினேன்.

கொட்டச்சேட்டில் முன்பு முகட்டிலிருந்து ஓடைவரை ஒரே காடாக இருந்தது. இப்போது காட்டேஜ் கட்ட மனை பிரித்து, மண் ரோடு போட்டு, நாலு துண்டாக்கிவிட்டார்கள்.

மலர் மெலிந்திருந்தாலும் என் தட்டிலிருந்த தோசையையும் பிடுங்கித் தின்றாள். அவள் அம்மா சொன்னார்: "மலையில ஏது டெங்குக் கொசுன்னு இருந்தோம் கண்ணு. இருட்டுனா கதவச் சாத்திப் பொக போடுவோம். இது பட்டப்பகல்ல கடிக்குது, காலுல வெள்ள வரி வேற!"

மூவரும் காட்டோரம் போனோம். வெட்டிய மூங்கில் கட்டை ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் மழைத்தண்ணீர், நெளியும் கொசுப்புழுக்கள். வெட்டியது அப்பாதான். கணுவில் பட்டால் அரிவாள் மழுங்கும் என்று எப்போதும் கணுவுக்கு ஒரு சாண் மேலே வெட்டுவார். அந்தச் சாண்தான் டம்ளர். ஒரு கட்டை மட்டும் தப்பித் தவறிக் கணுவோடு வெட்டுப்பட்டிருந்தது. அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மற்றவற்றில் மண்ணை அள்ளிப் போட்டோம். பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்களும் சேர்ந்துகொள்ள, மத்தியானத்துக்குள் ஒரு துண்டுக் காடு முடிந்தது. துண்டுகளை மறுபடி சேர்க்க ரோட்டோரம் நாவல் கன்று நட இடமும் பார்த்துவிட்டார்கள்.

திரும்பும்போதும் அதே ஜீப். "கையெல்லாம் மண்ணு, கெழங்கு தோண்டப் போனியா?" என்று கேட்டார். பயத்தில் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். "அப்பாகிட்டச் சொல்லிராதீங்கண்ணா."

"நானா? வாயத் தொறப்பனா?" என்றார். அவர் வாய் அடிவாரம்வரை கேட்கும்.

வருகிறவர்களுக்கு: பகலிலும் முழுக்கைச் சட்டை போடுங்கள். டீ கப், இளநீர்க் கூடு எதையும் காட்டில் எறியாதீர்கள். கடைசி ஜீப் நாலரைக்கு. காடு மறுபடி ஒன்றாகச் சேருமா தெரியாது; ஆனால் இந்தக் கொசுவைத் தடுக்க ஒரு கை மண் போதும் என்று இன்று பார்த்தேன். நாளை அப்பா அடுத்த துண்டில் வெட்டப்போகிறார். அதற்குள் அவரிடம் எப்படிச்

கதவு தட்டுகிறது. அப்பா.

"கண்ணு, தூங்கிட்டயா? ஜீப்புக்காரன் சொன்னான். காலைல பள்ளிக்கொடம் போறதுக்கு முந்தி, மூங்கிலக் கணுவுல எங்க வெட்டோணும்னு வந்து காட்டிட்டுப் போ."