நான் சுண்ணாம்பு அடித்த கற்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், நல்ல கோடையில், செகந்திராபாத்தை அடுத்த போலாரத்தில் நடந்தது இது. நான் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் ஆற்காடு பக்கம் என்றாலும் போலாரத்திலேயே வீடு கட்டித் தங்கிவிட்டேன்.

எங்கள் தெருவைத் தாண்டினால் பாறையும் புல்லும் முட்புதருமாக ஒரு வெட்டவெளி. தரிசுதானே என்று எல்லாரும் குப்பை கொட்டிவந்த இடம். பேகம்பேட்டில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் குப்பை அள்ளி, சீமைக்கருவேலத்தை வெட்டி, பழைய புல் மறுபடி வளர வழி செய்துகொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டாமல் இருக்கட்டும் என்று என் மனைவிதான் என்னையும் அதில் தள்ளிவிட்டாள்.

முதல் நாளே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. பேச்சே ஒரு கலவை; வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் 'நக்கோ' என்பாள். "அங்கிள், குப்பைய மட்டும் எடுங்க. கல்லு, காஞ்ச புல்லு எதையும் தொட நக்கோ. இருக்கற மாதிரியே இருக்கட்டும்." தலையை ஆட்டினேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று மனசுக்குள் சிரித்தும் கொண்டேன்.

ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். மறுநாள் காலை ஒரு அதிகாரி வருகிறார் என்றார்கள். நிலத்தை அப்படியே விடுவதா, பூங்கா ஆக்குவதா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதிகாரி வருகிறார் என்றால் என் கை சும்மா இருக்காது. பட்டாளத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் தரையைப் பெருக்கி, பாதையோரம் கல் அடுக்கி, சுண்ணாம்பு அடித்தே பழகியவன். யாரையும் கேட்கவில்லை. சாயங்காலம் மண்வெட்டி, இரும்புச் சட்டி, ஒரு வாளி சுண்ணாம்போடு கிளம்பிவிட்டேன்.

உள்ளே கிடந்த சரளைக் கல்லை வாரிவந்து ஒற்றையடிப் பாதையின் இரு பக்கமும் கொட்டினேன். ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஒரு தடவை முகத்துக்கு நேராகவே பாய்ந்தது. "போ, உனக்கென்ன வலிக்குது" என்று தொப்பியை ஆட்டி விரட்டினேன். கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் சுண்ணாம்பையும் அடித்து முடித்தேன்.

காலையில் முதல் ஆளாகப் போய் விறைப்பாக நின்றேன். அந்தப் பெண் வந்தாள், பாதையைப் பார்த்தாள், உள்ளே ஓடி, நான் கல் வாரிய இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் மற்றவர்கள் சொன்னார்கள். நான் ஊரில் இல்லாத வாரத்தில் அங்கே ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது. கூடு என்று எதுவும் கிடையாது. சரளைக்கு நடுவே சின்னப் பள்ளம், அதில் கல் மாதிரியே முட்டைகள். இது வெறும் நிலம் இல்லை என்று அதிகாரிக்குக் காட்ட அதைத்தான் நம்பியிருந்தார்கள். நாய்க்கும் காக்கைக்கும் மனிதர்களுக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று அடையாளம் எதுவும் வைக்கவில்லை.

பாதையோரம் தேடி நான்தான் கண்டுபிடித்தேன். வெள்ளைக் கற்களுக்கு நடுவே உடைந்த முட்டை ஓடு. அதன் மேலும் என் சுண்ணாம்பு. எறும்பு மொய்த்திருந்தது. குருவி பக்கத்திலேயே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது, கத்தவில்லை.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அதிகாரி வந்தார். பாதையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. முழுக்க இப்படியே செய்துவிட்டால் அருமையான பூங்கா ஆகிவிடுமே, யார் செய்த வேலை என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரை அழைத்துப்போய் அந்த முட்டை ஓட்டைக் காட்டினேன். இதுவும் நான் செய்ததுதான் என்று சொல்ல நினைத்தேன். பட்டாளத்தில் அத்தனை வருஷம் பேசிய இந்தி அன்றைக்குக் கோர்வையாக வரவில்லை. அவர் குனிந்து பார்த்தார், வண்டியில் ஏறினார்.

"விடுங்க அங்கிள், அது திரும்ப முட்டை வைக்கும்" என்றாள் அந்தப் பெண். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முடிவு என்னவென்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கற்களை அன்றே திரும்ப இறைத்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் போயும் சிலது வெள்ளையாகவே கிடக்கிறது. இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். என்னைப் பார்த்தால் ஆள்காட்டி கத்துகிறது. யாரைப் பார்த்தாலும் அது கத்தும் என்று தெரியும்; ஆனாலும் அன்றைக்குத் தொப்பியை ஆட்டிய கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.