கை காட்டிய பக்கெட்

உருக்காலையில் சேர்ந்த பிறகு எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் கேஸை மூடியாயிற்றா என்று இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்ப்பேன். மனைவிக்கு நான் ஒரு பேஜாரு. என்ன செய்வது, கும்மிடிப்பூண்டியில் நான் நிற்பது கொதிக்கும் இரும்புக்கு எதிரில். உள்ளே போடும் பழைய இரும்பில் ஒரு கை தண்ணீர் ஒளிந்திருந்தால் போதும், உலை வெடித்துத் துப்பிவிடும்.

அதற்காகத்தான் கீழே பர்னர் வைத்திருந்தார்கள். பழைய இரும்பைப் பெரிய பக்கெட்டில் நிரப்பி, தீயைப் பாய்ச்சிச் சூடாக்குவார்கள். ஈரமும் எண்ணெயும் புகையாகப் போகும். புகை நின்றதும் பக்கெட் கிரேனில் ஏறிவரும். நான் கை காட்டினால்தான் அது உலையில் கொட்டும்.

பர்னரைப் பார்த்துக்கொண்டவர் பள்ளிப்பட்டுக்காரர், என் வயதுதான். எல்லோரையும் நைனா என்பார். எந்நேரமும் செல்போனும் கையுமாக இருப்பார். அதனால் தீயைச் சீக்கிரமே அணைத்துவிடுகிற ஆள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

மழை விட்ட ஒரு நாள், அவர் பர்னரில் புகை சட்டென்று நின்றுவிட்டது. தீயைப் பாதியில் அணைத்துவிட்டார், உள்ளே இன்னும் ஈரம் என்று நினைத்தேன்.

"இத்த ஏத்த முடியாது. கீழ கொட்டு" என்றேன்.

"ஃபுல் டைம் உட்டுகினுதான் இருந்தேன் நைனா. என்னை இன்னான்னு நெனச்ச?"

கொட்டினார்கள். அது கொட்டகைக்குள் கிடந்த சரக்கு, அடிவரை காய்ந்திருந்தது. வேலை நின்றதற்கு சூப்பர்வைசர் என்னைக் காய்ச்சி எடுத்தார். பள்ளிப்பட்டுக்காரர் பக்கெட்டைத் திரும்ப நிரப்பினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "மேல வா, டீ குடிக்கலாம்" என்று உலை மேடைக்குக் கூப்பிட்டேன். வந்தார். அந்த நேரம் பார்த்து அவர் சூடாக்கி வைத்த பக்கெட்டும் ஏறிவந்தது. உள்ளே, அழுத்திக் கட்டிய தகரக் கட்டுகள். வெளிப்பக்கம் நன்றாகச் சிவந்திருந்தது. கட்டின் நடுவில் சூடு போயிருக்குமா என்ற கேள்வி என் தொண்டைவரை வந்தது. அவரோ பக்கத்திலேயே டீ கிளாஸோடு நிற்கிறார். இன்றைக்கும் எப்படிக் கேட்பது? கை காட்டிவிட்டேன்.

நடுவில் மழைத்தண்ணீர் இருந்திருக்கிறது. உலை துப்பியது. என் முகத்துக்குக் கவசம், உடம்புக்குக் கோட்டு. டீ குடிக்க வந்தவருக்கு ஒன்றுமில்லை. அவருடைய வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நேத்து என்னை சந்தேகப்பட்ட. சரி, அது உன் வேல. இன்னிக்கி இன்னாத்துக்கு நைனா உட்ட?"

உன்னை நம்பித்தான் விட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். கை காட்டும்போதும் நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.