ஒரு பாயிண்ட் எத்தனை பைசா

அந்த மின்னஞ்சலை முதலில் மோசடி என்றுதான் நினைத்தேன். 'வாழ்த்துகள்' என்று ஆரம்பிக்கும் எந்தக் கடிதமும் எனக்கு நல்லது செய்ததில்லை. ஒரு விமான நிறுவனத்தில் என் கணக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் பாயிண்ட் சேர்ந்திருக்கிறதாம். வருடக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் அத்தனையும் காலாவதியாகிவிடுமாம். கொடுப்பதாகச் சொல்கிற வாயாலேயே பிடுங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார்களே என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

ரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் விற்கும் கம்பெனியில் எனக்கு வேலை. இயந்திரம் போய்ச் சேரும் ஆஸ்பத்திரிக்கு நானும் போய், அங்கே லேபில் இருப்பவர்களுக்கு அதை இயக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கவுகாத்தி, ராஞ்சி, இந்தூர் என்று எந்த ஊரைச் சொன்னாலும் செங்கல்பட்டிலிருந்து இருட்டோடு மின்சார ரயில் பிடித்து விமான நிலையம் போவேன். டிக்கெட் ஆபீஸ் செலவு. ஒரு தடவை கவுண்டரில் இருந்த பெண், "ஃப்ரீதான் மேடம், பேரு மட்டும் குடுங்க" என்று ஒரு கார்டு போட்டுக் கொடுத்தாள். ஃப்ரீ என்றதுமே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் பெயரைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அப்புறம் அதை மறந்தே போனேன்.

இப்போது அந்தக் கார்டைத் தேடி எடுத்து, நிறுவனத்தின் செயலியைப் பதிவிறக்கி உள்ளே போய்ப் பார்த்தேன். பாயிண்ட் இருந்தது உண்மைதான். அது எவ்வளவு பெறும் என்றுதான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"மிக்ஸி எடுத்துக்கோயேன்," என்றார் என் கணவர். பாயிண்டுக்குப் பொருளும் தருவார்கள். அந்த மிக்ஸிக்கு இருபதாயிரம் பாயிண்ட் கேட்டார்கள். மறுநாள் பஜாரில் பாத்திரக் கடைக்குப் போய், அதே மிக்ஸி என்ன விலை என்று விசாரித்தேன். நாலாயிரம். அப்படியென்றால் ஒரு பாயிண்ட் இருபது பைசா. டில்லி டிக்கெட்டைப் பார்த்தேன். பணமாகக் கொடுத்தால் ஆறாயிரம். பாயிண்டில் எடுத்தால் பதினைந்தாயிரம் பாயிண்ட், அதற்கு மேல் வரி என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கழித்து வகுத்தால் முப்பது பைசா. சரி, டிக்கெட்தான் லாபம் என்று நினைத்து மறுநாள் திறந்தால், அதே விமானத்துக்கு அதே தேதியில் பாயிண்ட் கூடியிருந்தது. ரூபாய் விலை கூடவில்லை. நான் பார்ப்பதை எங்கோ இருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கணவரின் போனில் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் காட்டியது. அவருடைய போனையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் அக்கா வீட்டில் சாப்பாடு. இதை அங்கே பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மச்சான், அதாவது அக்காவின் கணவர், பிரியாணித் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

அவர் மாமல்லபுரத்தில் ஒரு டிராவல்ஸ் வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கார், உள்ளூர்க்காரர்களுக்கு விமான டிக்கெட், மக்காவுக்கு உம்ரா போகிறவர்களுக்கு விசா என்று எல்லாம் பார்ப்பார். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பெயர். ஆனால் ஒரு முறை எங்கள் குடும்பம் மொத்தத்தையும் ஊட்டிக்கு வேனில் அனுப்பினார். படத்தில் காட்டிய ஓட்டல் ஒன்று, நாங்கள் படுத்த ஓட்டல் வேறொன்று. கேட்டதற்கு, "ஓனரு ஒர்த்தருதாம்மா" என்றார். அதிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் எனக்கு அதன் மறுபக்கத்தைப் பார்க்கத் தோன்றும்.

"அத்த எனக்குக் குடுத்துரும்மா," என்றார். "பாயிண்டுக்கு இருவத்தஞ்சு பைசா. கைமேல டப்பு."

மிக்ஸியைவிட அதிகம், டிக்கெட்டைவிடக் குறைவு. நடுவில் கச்சிதமாக ஒரு விலை சொல்கிறார் என்றால், உண்மையான விலை அவருக்குத் தெரிந்திருக்கிறது. "உங்களுக்கு இன்னாத்துக்கு மச்சான்?" என்று கேட்டேன்.

"தேவ கீது. சொன்னா நீ நூறு கேள்வி கேப்ப."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் செயலியில் யாருமே படிக்காத நிபந்தனைகளை உட்கார்ந்து படித்தேன். பாயிண்டை விற்கக் கூடாது, விற்றால் கணக்கை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தது. மற்றவருக்கு டிக்கெட்டாக எடுத்துக் கொடுக்கலாமாம். எனக்கு ஆபீசில் கிடைக்கும் மரியாதையெல்லாம் என் பெயரில் எந்தப் புகாரும் இல்லை என்பதால்தான். மச்சானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். அதற்குள் வாரநாளில் வேலை நேரத்தில் அவரே போன் செய்தார்.

"பாயிண்டு விக்க வேணாம்மா. ஒரே ஒரு டிக்கெட்டு போடணும். அன்னிக்கு நீ காட்டுன கார்ட அக்கா போட்டோ புட்சி வெச்சிருந்தா, நம்பரு அதுலேந்து எடுத்துக்கினேன். ஒனக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லு."

போன் அதற்குள் அதிர்ந்தது. ஆறு இலக்கம். கீழே, 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று இருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றேன். "நானே வரேன்."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை என்னென்னவோ யோசனை. என் பெயரில் யாரையோ வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறாரா? யாரோ பெரிய மனிதருக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு என் டிக்கெட்டைக் கொடுக்கிறாரா? அக்காவுக்கு இது தெரியுமா? மாமல்லபுரத்தில் இறங்கியபோது மூன்றாவது கேள்விதான் மிஞ்சியிருந்தது, மற்ற இரண்டுக்கும் ஆமாம் என்று நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் அலுவலகத்தில் கணினி திறந்தே இருந்தது. திரையில் நான் கேள்விப்படாத ஓர் ஆணின் பெயர். வளைகுடாவிலிருந்து சென்னைக்கு ஒரு வழி. அதுவும் பிசினஸ் கிளாஸ். தொண்ணூறாயிரம் பாயிண்ட்.

"யாரு மச்சான் இந்த மகாராஜா?"

"சதுரங்கப்பட்டினத்து ஆளும்மா. அங்க மீன்புடி போட்டுல வேல. போட்டு ஓனரு பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சுக்கினு சம்பளமும் குடுக்கல. இப்பதான் எப்டியோ பாஸ்போர்ட்டுக்கு பதிலா எம்பசில அவுட்பாஸு கெடச்சிருக்கு. இந்த வாரத்துக்குள்ள கெளம்பலேன்னா புட்சி ஜெயில்ல போட்ருவாங்க."

"அதுக்கு பிசினஸ் கிளாஸா?"

"பின்னாடி சீட்டே இல்ல. காசுக்கும் இல்ல, பாயிண்டுக்கும் இல்ல. முன்னாடிதான் கீது. அது காசுன்னா ஒண்ணே கால் லட்சம்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒன் பாயிண்டு இன்னிக்கு ஒண்ணு ஒண்ணே கால் ரூபாய்க்கு மேல போவுது. நாளைக்கு ஒண்ணுமே இல்ல."

இத்தனை நாள் வகுத்துப் பார்த்தும் எனக்குக் கிடைக்காத விடை அது. ஆனால் அதைச் சொன்னவர் ஊட்டிக்கு எங்களை அனுப்பியவர். "நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பாக்கணும்," என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். டச்சுக் கோட்டையைத் தாண்டிக் குப்பத்துக்குள் கார் போகாது என்பதால் நடந்தோம். அந்த ஆளின் மனைவி தார்ப்பாயில் காயப்போட்ட மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். மச்சானைப் பார்த்து எழுந்தவள், என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"இவங்க எந்த ஆபீஸு?"

"ஆபீஸு இல்ல. இவங்கதான் டிக்கெட்டு குடுக்கறவங்க," என்றார் மச்சான்.

அவள் என்னைச் செருப்பிலிருந்து மேலே பார்த்தாள். "எத்தினி ரூபா டிக்கெட்டு?"

சொன்னேன். சொன்னது தப்பு.

"எங்கள இன்னா ஏதுன்னு தெரியாது. ஒண்ணே கால் லட்சத்துக்கு நீங்க இன்னாத்துக்கும்மா டிக்கெட்டு போடணும்?"

"காசு இல்லம்மா. நான் பிளேன்ல போறப்பல்லாம் அவங்க பாயிண்டு குடுப்பாங்க. அது சேந்து கெடக்குது."

"அவன் இன்னாத்துக்குக் குடுக்கறான்?"

திரும்பவும் அவன் விமானத்திலேயே நான் ஏற வேண்டும் என்பதற்காக என்றேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை. அவள் மீன் வாடை அடிக்கும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மச்சானை விட்டுவிட்டு என்னிடமே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எதையாவது எடுத்தாரச் சொல்வீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"தங்கம் கிங்கம். எங்க தெருவுல ஒர்த்தன சும்மா டிக்கெட்டு தர்றேன்னு கூட்டியாந்து, பெல்ட்டுல தங்கத்த வெச்சு அனுப்பிட்டாங்க. ஏர்போர்ட்டுலயே புட்சிக்கினாங்க. அவன் பொண்டாட்டி இன்னும் கோர்ட்டுக்கு அலஞ்சிகினு கீறா. அந்த மாதிரி எதாச்சும்னா இப்பவே சொல்லிருங்க. எம் புருசன் அங்கயே கெடக்கட்டும்."

காது சூடாகிவிட்டது. காலையிலிருந்து நான் மச்சானை எப்படிப் பார்த்தேனோ அதே பார்வையால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவும் முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நிறையக் கேட்டிருப்பேன். கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள், படத்தையும் என் முகத்தையும் ஒப்பிட்டாள், திருப்பிக் கொடுத்தாள். அடையாள அட்டை போலியாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் ஒரு வழி சொன்னாள். புருஷனுக்கு வீடியோவில் போன் போட்டாள். "இந்தாங்க. வழியில யாரு இன்னாத்த குடுத்தாலும் கையில வாங்காதன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

திரையில் தாடியோடு ஒரு முகம் வந்தது. பின்னால் வலை மாதிரி ஏதோ குவிந்து கிடந்தது. "அண்ணே," என்றேன், "ஒங்க பை மட்டும் எடுத்துகினு வாங்க. யாரு எது குடுத்தாலும் வாங்கிக்காதீங்க. தெரிஞ்சவங்க குடுத்தாலும் வாங்காதீங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

அங்கேயே மணலில் நின்று, மச்சான் போனில் திரும்ப ஆரம்பிக்க, ஓடிபியை நானே அடித்தேன். ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்தது கண்முன்னால் பத்தாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. பத்து நாளுக்கு முன்னால் எனக்கு இருப்பதே தெரியாத ஒன்று போனதற்கு ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது அவள் சொல்லித்தான் தெரிந்தது, வரிக்கென்று மச்சானிடம் ஏற்கெனவே ஏழாயிரம் கொடுத்திருக்கிறாள். திரையில் வரி ஆறாயிரம்தான். காரில் ஏறியதும் கேட்டேன்.

"ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பணும்ல? டீசலு எவன் போடுவான்?" என்றார்.

"எனக்குத் தர்றேன்னு சொன்ன பணம்?"

"அவன் வந்து கடலுக்குப் போயி கொஞ்சங் கொஞ்சமா குடுப்பான். அதுவரைக்கும் நான் கைக்காசு போட்டுக் குடுக்கறேன்னுதான் சொன்னேன்." சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். சொல்லிமுடித்த பிறகு, என்னை வேண்டாம் என்று சொல்லவைக்கத்தான் இங்கே அழைத்து வந்தாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அழைத்துப்போகச் சொன்னது நான்தான் என்பது கொஞ்சம் கழித்துதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண்ணின் புருஷன் பத்திரமாக வந்து சேர்ந்தார். சில வாரம் கழித்து, கண் பார்க்கச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பை நிறைய இறால். தாடி இல்லாமல் அவர் இளைத்த பையன் மாதிரி இருந்தார்.

"பிளேன் எப்டி இருந்துச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"சோஃபா மாதிரி சீட்டும்மா. உக்காந்த ஒடனே ஒரு பொண்ணு வந்து ஜூஸு நீட்டிச்சு. வாங்கல. சூடா துண்டு குடுத்துச்சு. வாங்கல. அப்பறம் தட்டுல சோறு, கோழி, கேக்கு இன்னான்னாவோ எடுத்தாந்துச்சு. வேணான்னுட்டேன். அதுக்கு பேஜாராப் பூச்சு. வேற ஒருத்தரக் கூட்டியாந்து, ஒடம்பு சரியில்லயான்னு கேட்டாங்க. நீங்கதான் யாரு குடுத்தாலும் வாங்காதன்னு சொன்னீங்களே. பையக் கட்டிப் புடிச்சிகினு நேரா உக்காந்துகினு வந்தேன்."

"தண்ணிகூடக் குடிக்கலியாம்," என்றாள் அவர் மனைவி. முதல் முறையாக அவள் சிரித்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவசரமாக எழுந்து போய்ச் சோறு போட்டேன். இறாலைச் சுத்தம் செய்து அவளே வறுத்தாள். அவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, ஏர்போர்ட்டிலிருந்து கார் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டேன்.

"காரா? நான் பஸ்ஸுல வந்தேன்," என்றார்.

அவர்கள் போன பிறகு மச்சானுக்குப் போன் செய்தேன். டிரைவர் காத்துக்கொண்டுதான் இருந்தான் என்றார். முன் சீட்டுக்காரர்களை முதலில் இறக்கிவிடுவார்கள், இந்த ஆள் பெட்டிகூட இல்லாமல் சரசரவென்று வெளியே போய்விட்டார், டிரைவர் கடைசிக் கூட்டம்வரை நின்று பார்த்துவிட்டு வெறுங்காரோடு திரும்பினான் என்றார். அப்படியும் நடந்திருக்கலாம். அந்த டிரைவரின் வீடு திருக்கழுக்குன்றத்தில், அக்கா வீட்டுக்கு நான் போகிற வழியில்தான் இருக்கிறது. பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்தத் தெருவைப் பார்ப்பேன். இன்னும் இறங்கிக் கேட்கவில்லை. கேட்கவே மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை.