ஐஸ்கிரீம் கிடங்கில் அவித்த பிட்டு

போன சனிக்கிழமை காலை என்னை ஐஸ்கிரீமோடு ஐஸ்கிரீமாக ஒரு குளிர்க்கிடங்கில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நானாக விரும்பிப் போனதுதான். கிழக்கு லண்டனில் இருக்கிறது அந்தக் கிடங்கு. உள்ளே மைனஸ் இருபத்தைந்து. மூச்சு விட்டால் மீசை நரைக்கிறது...

ஏன் போனேன்? சிவா அண்ணைக்காக. கோலியர்ஸ் வுட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் எஞ்சினியர், இங்கே வந்து வருடக்கணக்காகப் பெற்றோல் ஷெட்டில் நைட் ஷிப்ட். இந்த வருடம்தான் படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம். பனிமலை நாடுகளில் நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கு, ஒரே நாளில் பொருத்தி நிறுத்தக்கூடிய குடில்களைத் தயாரிக்கிற சின்னக் கம்பனி. அவர் வரைந்த குடிலை அந்தக் குளிர்க்கிடங்குக்குள் நிறுத்திச் சோதிக்கிறார்கள்; தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால்? மறுபடியும் பெற்றோல் ஷெட்.

வெயிலில் வறுபட்ட யாழ்ப்பாணத்தான் பனிக்கு வீடு கட்டுவதா? நானும் கேட்டேன்.

"குளிருக்குப் பயந்தவனுக்குத்தான் நல்லா அடைக்கத் தெரியும்" என்றார்.

உண்மைதான். தடித்த நுரைப்பலகைச் சுவர், இரட்டைக் கதவு – ஒரு நூல் காற்று நுழையாது. முதல் இரண்டு சோதனைகளிலும் குடில் அருமையாகத் தேறியது. உள்ளே இருந்தவர்கள் கல்லூரி இளைஞர்கள். சாண்ட்விச் தின்றார்கள், சீட்டாடினார்கள், போனார்கள். கடைசிச் சோதனைக்கு மட்டும் ஒரு குடும்பம் காலையிலிருந்து மாலை வரை உள்ளே இருக்கவேண்டும் என்று மேலாளர் ஹெலன் சொல்லிவிட்டார். சிவா அண்ணை தன் மனைவி ரஞ்சி அக்காவையும், அக்காவின் தம்பியையும், என்னையும் கூட்டிப் போனார். நான் எந்த வகையில் குடும்பம் என்று யாரும் கேட்கவில்லை.

ரஞ்சி அக்கா கையில் பெரிய பை. அதற்குள் பிட்டுப் பானை!

"உதென்னத்துக்கு ரஞ்சி? சாண்ட்விச் தருவினம்."

"பொழுதுபடுமட்டும் காய்ஞ்ச சாண்ட்விச் பாணைத் திண்டுகொண்டிருக்க ஏலுமே? குடும்பம் எண்டுதானே கேட்டவை? குடும்பம் எண்டால் சமைக்கும்."

குடிலுக்குள் ஒரு மின்அடுப்பு இருந்தது. முதலில் தேத்தண்ணி. பிறகு பிட்டு. கம்பனி ஆள் ஒருவர் வெப்பமானி பார்க்க வந்தார் – அவருக்கும் தேத்தண்ணி. வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற ஆட்களா நாங்கள்? அவர் திரும்ப வந்தபோது திரும்பவும் கேத்தில் கொதித்தது. உள்ளே நல்ல கதகதப்பு. சிவா அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. வேலை நிரந்தரமானதும் ஆர்ச்வே முருகனுக்கு ஒரு அர்ச்சனை என்று நேர்ந்தும் விட்டார்.

பின்னேரம் போல என் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சுவர் மூலைகளில் பனி படர்ந்திருந்தது. கட்டிலில் கிடந்த போர்வைகளைப் பிழிந்தால் ஒரு குவளை நிரம்பும். காற்று நுழையாத வீட்டிலிருந்து ஆவி மட்டும் எப்படி வெளியேறும்? அந்தக் குளிரில் நனைந்த போர்வை என்பது விளையாட்டில்லை. மலையில் இப்படியானால் பிள்ளைகள் விறைத்துப் போய்விடுவார்கள்.

"வெண்ணெய் திரளேக்கை தாழியை உடைச்சுப்போட்டியே!" என்று கத்தினார் சிவா அண்ணை. "என்ர வேலை போச்சு!"

ரஞ்சி அக்கா அசையவில்லை. "பிட்டு அவிச்சது பிழையோ, பிட்டு அவிக்க ஏலாத வீடு கட்டினது பிழையோ?"

புருஷன் பெண்சாதி சண்டையில் வாயைத் திறக்கக்கூடாது என்பது என் கொள்கை. நானும் தம்பியும் தட்டிலிருந்த தேங்காய்ச் சம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது பார்த்து ஹெலன் உள்ளே வந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி ஆவியில் அப்படியே மங்கிப்போனது. துடைத்து முடிப்பதற்குள் ரஞ்சி அக்கா அவர் கையில் பிட்டுத் தட்டைக் கொடுத்துவிட்டார். ஹெலன் நின்றபடியே சாப்பிட்டார். கூரையைப் பார்த்தார். போர்வையைத் தொட்டார்.

"குடில் ஃபெயில்" என்றார்.

சிவா அண்ணை ஈரப் போர்வைகளை மடிக்கத் தொடங்கினார். ஹெலன் தொடர்ந்தார்:

"மலையில் ஃபெயிலாகாமல் இங்கே ஆனதே, நல்லது. அங்கேயும் நாள் முழுக்க அடுப்பில் ஏதாவது கொதிக்கும். ஆவி போக வழி வைத்து மறுபடி வரையுங்கள். அதுவரை உங்கள் வேலை இருக்கும். அடுத்த சோதனைக்கும் இவரையே கூட்டி வாருங்கள்" என்று ரஞ்சி அக்காவைக் காட்டினார்.

யோசித்துப் பார்த்தால், வீடு வரைகிறவர்கள் எல்லோருமே உள்ளே இருக்கப்போகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். கவுன்சில் வாடகைக்குத் தருகிற ஃப்ளாட் சுவரில் பூஞ்சணம் பிடித்தால் நமக்கு என்ன சொல்கிறார்கள்? சமையலைக் குறைக்கச் சொல்கிறார்கள்!

நேற்றுச் சிவா அண்ணை வீட்டுக்குப் போனேன். குடிலின் புது வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். கூரையில் இரண்டு காற்றுவழிகள். முகத்தில் இன்னமும் கலக்கம்.

"இது தாங்குமே அண்ணை?" என்றேன்.

குசினிக்குள்ளிருந்து ரஞ்சி அக்கா சொன்னார்: "அடுத்தமுறை இடியப்பம். அதுக்குத் தாங்கினால் எந்தப் பனிமலைக்கும் தாங்கும்!"