சுரங்கத்தில் இறுகிய பிரேக்

நம்பச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பைக்கின் முன்சக்கர பிரேக் டிஸ்க்கில் சூட்டில் வெந்த நீலக்கறை இன்னும் இருக்கிறது.

ஹுவாலியன் மலைப்பாதையில் என் தம்பி வென்ஷெங் விழுந்து இறந்தான். எங்கள் வழக்கப்படி, விழுந்த இடத்துக்குப் போய்ப் பெயர் சொல்லி அழைத்து, அவன் ஆவியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வழியில் பாலம் வந்தாலும் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வந்தாலும் இறந்தவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார். அன்று சுரங்கத்தில் அம்மா மயங்கிச் சரிந்தாள். அந்தப் பதற்றத்தில் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

தம்பி அந்த இருட்டிலேயே நிற்கிறானோ என்று தூக்கம் வரவில்லை. இறந்த நூறாம் நாள் மாலை, அவனை அழைத்துவரப் பெரியப்பா மகன் குவோதுங்கோடு போனேன். ஆளுக்கொரு பைக்.

சுரங்கம் முழுக்க ஏற்றம். நான் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆனாலும் கருகல் வாடை... பாதியில் வண்டி நின்றுவிட்டது. மணி 5:40.

முன்னால் போன குவோதுங் திரும்பி வந்தான். "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மலை ஏறுனியாடா? இதுல கணவாய் மீன் சுடலாம் போல."

"தொடவே இல்லண்ணே."

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினான். அசையவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினான். ஆயில் பீச்சியது. சக்கரம் சுழன்றது.

"அழுத்தம் உள்ளயே மாட்டிக்கிச்சு. நீ கைய எடுத்தும் பிரேக் லிவர் முழுசாத் திரும்பல."

திருகை மூடினான். லிவரைத் தளர்த்தி வைத்தான். "இனிமே பிடிக்காது. கீழ்வாசல்ல நிக்கறேன். அவனக் கூப்பிட்டுட்டு வா."

அவன் விளக்கு மறைந்தது. ஓரமாக நிறுத்தி ஊதுவத்தி கொளுத்தலாம் என்று வண்டியைத் திருப்பினேன். பத்தடி போயிருப்பேன்.

ஸ்ஸ்ஸ்...

சக்கரம் இறுகியது.

லிவரைப் பார்த்தேன். உள்ளே அழுந்தியிருந்தது.

என் கை அதன்மேல் இல்லை.

முன்னால் தள்ளினேன். நகரவில்லை.

பின்னால்... நகரவில்லை.

"இது சுரங்கம்... தாண்டப் போறோம். என்கூட வீட்டுக்கு வந்துடு" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னேன்.

டக்.

லிவர் விட்டது. பின்சீட் மெல்ல அமுங்கியது. தம்பியின் பாரம். அழுதுகொண்டே ஓட்டினேன்.

வீட்டில் அம்மா சாமிமாடத்தின் முன் ஆம், இல்லை என்று குறி சொல்லும் பிறைக்கட்டைகளை வீசிக் கேட்டாள்.

"வென்ஷெங், வீட்டுக்கு வந்துட்டியாப்பா?"

ஆம் என்று விழுந்தது.

"இன்னிக்கு அண்ணன்கூட வந்தியா?"

இல்லை. மூன்று தடவை வீசியும் இல்லை.

"அப்போ... நாங்க கூட்டிட்டு வந்த அன்னிக்கேவா?"

ஆம்.

அம்மா கட்டைகளைப் பொறுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"சுரங்கத்துல அவன் பேரச் சொல்லித்தானே கூப்பிட்ட?"

நான் பெயர் சொல்லவில்லை.

பைக் வாசலில்தான் நிற்கிறது. யாரும் எடுப்பதில்லை. தினமும் காலையில் டிஸ்க்கைத் தொட்டால்... சுடுகிறது.